மாத்திரைக்கும் வருணாசிரமமா?

எச்.அய்.வி. என்னும் கிருமி உடம்பில் சேர்ந்துள்ளவர்கள், சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ள ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கொடுக்கப்படும் கூட்டு மருந்தைத் தங்கள் ஆயுள் முழுவதும் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டு வரவேண்டும் என்பது வாசகர்களில் பெரும்பாலோர் அறிந்த விஷயமாகும். அம்மருந்தைச் செய்யும் கம்பெனி ஒன்றல்ல, பல. ஹெட்டரோ, லாரஸ், அரபிந்தோ, சிப்லா, மேக்ளியாட்ஸ் என்று பல கம்பெனிகள் ஒரே மருந்தைத் தனித்தனியே செய்கின்றன. சர்க்கார் டெண்டர் யாருக்குப் போகின்றதோ அவர்களுடைய டப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகின்றது. ஆகவே, சில மாதம் ஒரு கம்பெனியின் மாத்திரையும், பிறகு வேறொரு கம்பெனியின் மாத்திரையும் கைக்கு வருவதும், அப்போது நிறம், வடிவம், டப்பா, மேலே ஒட்டியுள்ள பெயர் முதலியவை மாறிவிடுவதும் சகஜமேயாகும்.

மாறின உடனே என்ன நடக்கின்றது? "இது பழைய மருந்தல்ல, மட்டமான சரக்கு" என்கின்றார் ஒருவர். "இலவசமாய்க் கொடுப்பது எப்படி நல்லதாயிருக்கும்?" என்கின்றார் மற்றொருவர். "மாத்திரை மாறினது முதல் தலை சுற்றுகின்றது" என்கின்றார் வேறொருவர். சிலர் டப்பாவை மூலையில் போட்டுவிட்டு மருந்தையே நிறுத்திவிடுகின்றார்கள். சிலர் கடன் வாங்கியாவது வெளிக்கடையில் பழைய பெயரைத் தேடி அலைகின்றார்கள். இது ஏதோ சில நோயாளிகளின் சொந்தக் காரியம் என்று நாம் கருதவில்லை. உயிர் போகின்ற விஷயமாயிருப்பதோடுகூட, ஒரு பொருளை அதன் உள்ளே இருக்கும் சரக்கைக் கொண்டு மதிப்பதா, அல்லது அதன் பிறப்பையும் பெயரையும் மேல் நிறத்தையும் கொண்டு மதிப்பதா என்று நாம் இந்நாட்டில் இத்தனை காலமாய்க் கேட்டுவரும் கேள்வியே இதிலும் அடங்கியிருப்பதால், இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

வருணமும் சரக்கும்

வருணம் என்றால் நிறம் என்று பொருள். மனிதனுக்கு வருணம் பார்த்துப் பழகிய நாட்டில், மாத்திரைக்கும் வருணம் பார்ப்பது அதிசயமல்ல. ஆனால், மாத்திரையின் நிறம் எங்கே இருக்கின்றது? மேல் பூச்சில் இருக்கின்றது. கிருமியை அடக்குவது பூச்சல்ல. இன்று நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுக்கப்படும் மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த மூன்றும் இதே அளவில்தான் இருந்தாக வேண்டும். மற்றபடி மாத்திரை உதிராமல் நிற்கப் போடும் மாவு, பிசின், வழவழப்பான பூச்சு, சாயம் ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இவை மாறினால் நோய்க்கும் மருந்துக்கும் உள்ள உறவு மாறிவிடாது.

"அளவு ஒன்று என்று டப்பாவில் எழுதிவிட்டால் போதுமா? உடம்பில் ஒரே அளவாய்ச் சேருகின்றதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பகுத்தறிவுள்ளவன் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். இதற்குப் பதில் சாஸ்திரத்தில் இல்லை, ரத்தத்தில் இருக்கின்றது. ஆரோக்கியமான சில பேருக்கு முதலில் ஒரு கம்பெனியின் மருந்தைக் கொடுத்து, பிறகு சில நாள் இடைவிட்டு மற்றொரு கம்பெனியின் மருந்தைக் கொடுத்து, மணிக்கணக்கில் பலமுறை ரத்தம் எடுத்து, எவ்வளவு மருந்து ரத்தத்தில் ஏறிற்று, எத்தனை நேரம் நின்றது என்று அளந்து பார்க்கின்றார்கள். மூல மருந்தை 100 என்று வைத்துக்கொண்டால், புது மருந்தின் கணக்கு, பிழைக்கு இடங்கொடுத்துப் பார்த்தாலும்கூட, முழுவதும் 80-க்கும் 125-க்கும் இடையில் அடங்க வேண்டும் என்பது விதி.

இந்த விதியைக் காட்டி, "பாருங்கள், இருபது பங்கு குறைந்த மருந்தைக்கூட விற்கலாமாம்!" என்று பயமுறுத்துகின்றவர்கள் இருக்கின்றார்கள். இவர்கள் ஒன்று கணக்குத் தெரியாதவர்கள், அல்லது கணக்குத் தெரிந்தும் வியாபாரம் செய்கின்றவர்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கின்றது. சராசரி மட்டுமல்ல, சராசரியைச் சுற்றியுள்ள சந்தேக எல்லையும் சேர்ந்து அந்த வேலிக்குள் அடங்க வேண்டுமானால், சராசரி நூறுக்கு மிக அருகில் நின்றால்தான் முடியும். அமெரிக்காவின் மருந்து இலாகாவினர், 1996 முதல் 2007 வரையில் தங்களிடம் வந்த இத்தகைய 2070 பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட கணக்கில், மூல மருந்துக்கும் பொதுப்பெயர் மருந்துக்கும் ரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் இருந்த சராசரி வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரையே ஆகும். சாப்பிட்ட பிறகு மருந்து விழுங்கினதா, வெறும் வயிறா என்பதில் வரும் வித்தியாசமே பல மருந்துகளில் இதைவிட அதிகம்.

அசல் எங்கே?

"இருக்கட்டும், எனக்கு நகல் வேண்டாம், அசல்தான் வேண்டும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுகின்றோம். மேலே சொன்ன மூன்று மருந்தும் சேர்ந்த ஒற்றை மாத்திரைக்கு அசல் என்பதே கிடையாது! டோலுடெக்ராவிரைக் கண்டுபிடித்து விற்றவர்கள் வீவ் கம்பெனியார். டெனோஃபோவிரை முதலில் விற்றவர்கள் கிலியட் கம்பெனியார். இம்மூன்றையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி 2017-இல் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நம் நாட்டில் பொதுப்பெயர் மருந்து செய்கின்றவர்களேயாவார்கள். எனவே "அசல்" கேட்கின்றவர், இல்லாத ஊருக்கு வழி கேட்கின்றவரே ஆவார்.

இது முதல் தடவையுமல்ல. 2001-ஆம் வருஷத்துக்கு முன் இந்த நோய்க்கு மருந்து வேண்டுமானால் ஒருவனுக்கு ஒரு வருஷத்துக்குப் பதினாயிரம் டாலரிலிருந்து பதினையாயிரம் டாலர் வரை ஆயிற்று. ஸ்டாவுடின் ஒரு கம்பெனியின் சொத்து. லாமிவுடின் இன்னொரு கம்பெனியின் சொத்து. நெவிராபின் மூன்றாவது கம்பெனியின் சொத்து. மூன்றும் ஒரே மாத்திரைக்குள் கூடலாகாது. கூடினால் காப்புரிமை தீட்டுப்பட்டுவிடும்! நம் நாட்டு 1970-ஆம் வருஷத்துச் சட்டம், மருந்து செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை கொடுத்தது. மருந்துப் பொருளுக்கே கொடுக்கவில்லை. ஆகவே சிப்லா கம்பெனியார் இந்த மூன்றுக்கும் கலப்பு மணம் செய்துவைத்து ஒரே மாத்திரையாக்கினார்கள். 2001 பிப்ரவரியில் அக்கம்பெனியின் தலைவர் யூசுப் ஹமீத் அவர்கள், எல்லையற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டு சங்கத்தாருக்கு வருஷம் 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, இதைக் கொடுப்பதாகச் சொன்னார். உலகமே திகைத்துப் போயிற்று. அதே வருஷம் ஏப்ரலில், மலிவு மருந்துக்கு வழிசெய்த தென் ஆப்பிரிக்க சர்க்கார் மீது வழக்குப் போட்டிருந்த 39 மருந்துக் கம்பெனிகள் வெட்கித் தங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக் கொண்டன.

"இவன்தான் செய்யலாம், மற்றவன் அறிவும் திறமையும் உள்ளவனாயிருந்தாலும் செய்யக்கூடாது" என்பது குலத்தொழில் தர்மமன்றி வேறு என்ன? அந்தத் தர்மம் உடைக்கப்பட்டதனால்தான் ஏழை பிழைத்தான். நம் நாட்டிலும் 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது என்பதையும், டோலுடெக்ராவிரைப் பல கம்பெனிகள் செய்வது 2014-இல் ஏற்பட்ட அனுமதி ஒப்பந்தத்தின் பேரில்தான் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அப்படிப் பலர் செய்ததன் பலன் என்னவென்றால், 2023 ஆகஸ்டில் உலக நிதியத்தார் இம்மாத்திரையை ஒருவனுக்கு ஒரு வருஷத்துக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்கும் நிலை வந்தது. பதினாயிரம் எங்கே, நாற்பத்தைந்து எங்கே? பலர் செய்வதனால் விலை குறைகின்றது. பலர் செய்வதனால் டப்பா மாறுகின்றது. முன்னது வேண்டும், பின்னது வேண்டாம் என்றால் எப்படி முடியும்?

பெயரின் மகிமை

பெயரை மாற்றினால் குணம் மாறினதாகத் தோன்றுவது நம் நாட்டு மூட ஜனங்களுக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று யாரும் எண்ணிவிட வேண்டியதில்லை. 1981-இல் இங்கிலாந்தில் தலைவலி மாத்திரை சாப்பிடும் 835 பெண்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. ஒரே ஆஸ்பிரினைச் சிலருக்குப் பிரபல கம்பெனியின் பெயரோடும், சிலருக்கு வெறும் டப்பாவிலும் கொடுத்தார்கள். பெயரோடு சாப்பிட்டவர்களுக்குத் தலைவலி அதிகமாய்த் தீர்ந்தது. வெறும் மாவு மாத்திரைகூட, பெயர் ஒட்டியிருந்தால் ஒட்டாததைவிட நன்றாய் வேலை செய்தது! இதன் மறுபக்கமும் உண்டு. 2020-இல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்று நிறுத்தின 60 பேருக்கு, எது எதுவென்று சொல்லாமல் சில மாதம் மருந்தும், சில மாதம் மாவும் கொடுத்துப் பார்த்ததில், மருந்தினால் வந்ததாக அவர்கள் சொன்ன உபத்திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மாவிலும் வந்தது.

இதிலிருந்து, நோயாளி பொய் சொல்லுகின்றான் என்று யாராவது அர்த்தம் செய்வார்களேயானால் அது அயோக்கியத்தனமாகும். அவனுக்குத் தலை சுற்றுவது மெய். பயத்தினால் சுற்றும் தலையும் சுற்றுகின்ற தலைதான். பேயென்று நம்பினவனுக்குக் காய்ச்சல் வருவது எப்படி மெய்யோ, அப்படியே இதுவும் மெய். நாம் சொல்லுவதெல்லாம், காய்ச்சல் மெய்யென்பதற்காகப் பேயும் மெய்யாகிவிடாது என்பதுதான். அன்றியும், சிலருக்குப் பூச்சிலோ பிசினிலோ உள்ள ஏதாவதொன்று உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகையால் உபத்திரவம் தோன்றினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

நிற்க, குற்றம் நோயாளியுடையது மாத்திரந்தானா? 2014-இல் அமெரிக்காவில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களைப் பற்றி வெளியான ஓர் ஆராய்ச்சியில், மாத்திரையின் நிறம் மாறினபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 34 பங்கும், வடிவம் மாறினபோது 66 பங்கும் அதிகமாயிற்று என்று கண்டிருக்கின்றார்கள். படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இப்படியென்றால், இங்கே டப்பாவின் மேல் இங்கிலீஷில், அதுவும் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, "ஏன் சந்தேகப்படுகின்றாய்?" என்று கேட்பது என்ன நியாயம்? புரியாத பாஷையில் மந்திரம் சொல்லி, நம்பிக்கொள் என்று தட்சணை வாங்கும் புரோகிதனுக்கும், புரியாத பாஷையில் டப்பாவைக் கொடுத்து, விழுங்கிக்கொள் என்று அனுப்பும் இலாகாவுக்கும் என்ன வித்தியாசம்? ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம் சர்க்கார் "நம்பிக்கை மையம்" என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். பரிசோதிக்கின்ற இடத்துக்கு நம்பிக்கை என்று பெயர்! நம்பச் சொல்ல வேண்டாம். விளக்கிச் சொல்லட்டும் என்றுதான் நாம் கேட்கின்றோம்.

எல்லாக் கம்பெனியும் யோக்கியமா?

"அப்படியானால் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்கின்றீர்களா?" என்றால், அப்படி நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். 2004-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார், பரிசோதனைக் கணக்குகள் சரியில்லையென்று ரான்பாக்ஸி கம்பெனியின் எச்.அய்.வி. மருந்துகள் சிலவற்றைத் தங்கள் ஜாபிதாவிலிருந்து நீக்கினார்கள். அதே கம்பெனி 2013 மே மாதத்தில், கலப்படக் குற்றங்களை அமெரிக்கக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டிற்று. இவ்வளவும் வெளிவந்தது தெய்வ சித்தத்தினாலல்ல. அக்கம்பெனியிலேயே வேலை பார்த்த தினேஷ் தாக்கூர் என்பவர் துணிந்து உண்மையைச் சொன்னதனாலும், அதிகாரிகள் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்ததனாலுமேயாகும்.

ஆகவே, பெரிய பெயர் என்பதற்காக நம்புவதும் மூடத்தனம். மலிவு என்பதற்காக வெறுப்பதும் மூடத்தனம். நம் நாட்டுச் சரக்கு என்பதற்காகக் கண்ணை மூடிக் கொண்டாடுவதும் மூடத்தனமேயாகும். சோதித்துப் பார்த்ததா, யார் சோதித்தது, முடிவு எங்கே என்பதுதான் கேள்வி. உலக சுகாதார ஸ்தாபனத்தின் முன்தகுதிச் சோதனை 2001 முதல் நடந்து வருவது இதற்காகத்தான்.

நோயாளியின் பக்கத்திலும் ஒரு சோதனை இருக்கின்றது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் சோதனையே அது. மருந்து தொடங்கின ஆறாம் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும், பிறகு வருஷத்துக்கொரு முறையும் அது செய்யப்பட வேண்டுமென்று நம் தேசிய விதிமுறையே சொல்லுகின்றது. மாத்திரை மாறின பிறகும் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் அடங்கியிருக்குமானால், மாத்திரை வேலை செய்கின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்படி அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குக் கிருமி பரவாது என்பதும் ரூபிக்கப்பட்டுவிட்டது. நிறத்தைக் கேளாதீர்கள், எண்ணைக் கேளுங்கள் என்று நோயாளித் தோழர்களுக்குச் சொல்லிக் கொள்ளுகின்றோம்.

எது பெயர் மாற்றம், எது மருந்து மாற்றம்?

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் நாம் சொன்னது அரைகுறையாகிவிடும். டப்பா மாறுவது வேறு. மருந்தே மாறுவது வேறு. டெனோஃபோவிரில் டைசோபிராக்சில் என்றும், அலாஃபினமைடு என்றும் இரண்டு வகை உண்டு. முன்னது 300 மில்லிகிராம் கொடுக்கப்படுவது. பின்னது 25 மில்லிகிராமே கொடுக்கப்படுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது டாக்டர் யோசித்துச் செய்ய வேண்டிய காரியமேயன்றிக் கடைக்காரன் செய்யும் காரியமல்ல. மறுபுறம், அய்ரோப்பாவில் வாங்கின டப்பாவில் 245 என்றும், இங்கே 300 என்றும் போட்டிருந்தால், அது ஒரே மருந்தை உப்பைத் தள்ளியும் சேர்த்தும் எழுதும் கணக்கு வித்தியாசமேயொழியக் குறைவல்ல. எண்ணைப் பார்த்தும் மிரளலாகாது, எண்ணைப் பார்க்காமலும் இருக்கலாகாது.

மேலும், மாத்திரை மாறினதே காரணமென்று நாம் நினைத்துக் கொண்டிருக்கும்போது, காரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். இரும்புச் சத்து, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவை டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆகையால் அவற்றுக்கு இரண்டு மணி முன்போ, ஆறு மணி பின்போ இம்மாத்திரையைச் சாப்பிட வேண்டும். இரும்பும் கால்சியமும் மாத்திரமானால் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாகவும் சாப்பிடலாம். இரும்பு சேர்ந்த செந்தூரம் முதலியவை சாப்பிடுகின்றவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். க்ஷயரோகத்துக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகின்றவர்களுக்கு டோலுடெக்ராவிர் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகக் கொடுக்கப்பட வேண்டும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு டப்பாவின் நிறத்தோடு சண்டை போடுவதில் என்ன பிரயோஜனம்?

உண்மையான ஆபத்து

இந்த நோயில் ஆபத்து மருந்து மாறுவதில் இல்லை. மருந்து நிற்பதில் இருக்கின்றது. மருந்து நின்றால், அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி பெருகுகின்றது. உடம்பில் மருந்து அரைகுறையாய் இருக்கும்போது பெருகும் கிருமியில், அந்த மருந்துக்கு அடங்காத ரகம் தலையெடுக்கின்றது. பிறகு நாட்டில் உள்ள எந்தக் கம்பெனியின் டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினாலும் அந்த மருந்து பலிக்காது. மட்டமென்று சந்தேகித்து நிறுத்தினவன், தன் சந்தேகத்தினாலேயே நல்ல மருந்தையும் தனக்கு மட்டமாக்கிக் கொள்ளுகின்றான்.

நோயாளி நிறுத்தினால் அறியாமை என்கின்றோம். சர்க்காரே நிறுத்தினால் அதற்கு என்ன பெயர்? 2022 ஜூலையில் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலில், மருந்து கிடைக்கவில்லையென்று நோயாளிகள் நாள் கணக்கில் உட்கார்ந்து போராட நேரிட்டது. ஒரு மாத மருந்துக்குப் பதில் சில நாள் மருந்தை எண்ணிக் கொடுத்தார்கள் என்பதே அவர்களுடைய குறை. உலகத்து ஏழை நாடுகளுக்கெல்லாம் மருந்து அனுப்பும் நாட்டில், சொந்த ஜனங்கள் மருந்துக்குத் தெருவில் உட்காருவதென்றால் இதைவிடக் கேவலம் வேறென்ன? 2018 செப்டம்பர் 10 முதல் அமுலில் உள்ள எச்.அய்.வி. சட்டத்தில், மருந்து கொடுப்பது சர்க்காரின் கடமையென்று எழுதி, அதற்கு முன்னால் "கூடிய வரையில்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்திருக்கின்றார்கள். கிருமி கூடிய வரையில்தான் பெருகும் என்று இவர்களிடம் ஏதாவது ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றதா?

இந்தச் சந்தில்தான் சாமியாரும், மூலிகைக்காரனும், ஜெபக்காரனும் உள்ளே புகுகின்றார்கள். மருந்துச் சட்டத்தின் விதியில், குணப்படுத்துவதாகச் சொல்லக்கூடாத நோய்களின் ஜாபிதாவில் எய்ட்ஸ் இருந்தும் இவர்கள் அஞ்சுவதில்லை. தென் ஆப்பிரிக்காவில் ராஷ்டிரபதியாயிருந்த தாபோ எம்பெக்கியே இந்த மருந்துகளைச் சந்தேகித்தார். அவருடைய சுகாதார மந்திரி பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் சிபாரிசு செய்தார். மருந்து தாமதமானதனால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாய்ப் போயின என்று 2008-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். சந்தேகம் அறிவுக்கு அழகு. ஆனால் விசாரணை இல்லாத சந்தேகம் மூடநம்பிக்கையின் தங்கையேயாகும்.

செய்ய வேண்டியது

நாம் சர்க்காரைக் கேட்பது அதிகமல்ல. கம்பெனி மாறும்போது பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, உள்ளே இருப்பது ஒன்றே என்று ஆலோசகர்கள் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லட்டும். டப்பாவின் மேல் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு சரக்கையும் சோதித்த முடிவை எவரும் பார்க்கும்படி வெளியிடட்டும். வைரஸ் சோதனை வருஷம் தவறாமல் நடக்கட்டும். அதன் எண்ணை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். டெண்டர் தகராறினால் ஒரு நாள்கூட மருந்து நிற்கக் கூடாது.

நோயாளித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா அவர்களும் இந்தக் கிருமியை இந்நாட்டில் முதன்முதல் கண்டுபிடித்தபோது, இதைப் பாவத்தின் சம்பளமென்றும் கர்மபலனென்றும் சொன்னவர்கள் அநேகர். 2004 ஏப்ரல் முதல் தேதியில் இலவச மருந்து வந்த பிறகு, அந்தக் கர்மபலன் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரையில் அடங்கிவிட்டது. கர்மத்தை அடக்கின மாத்திரைக்கு நீங்கள் ஜாதி கற்பிக்காதீர்கள். உங்களை இந்த உலகம் பெயரைக் கொண்டும், பிறப்பைக் கொண்டும், நோயைக் கொண்டும் ஒதுக்கினபோது, "என் குணத்தைப் பார், என்னைப் பார்" என்று கேட்டவர்கள் நீங்கள். அதே நியாயத்தை மாத்திரைக்கும் கொடுங்கள். டப்பா மாறினால், இது என்ன மருந்து, எவ்வளவு அளவு, முன்பு சாப்பிட்டதுதானா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லாதவனை விடாதீர்கள். பதில் கிடைத்தபின் மருந்தை விடாதீர்கள்.